ரேம் மீதம் இருக்கும்போதே மெமரி போதவில்லை என்று விண்டோஸ் சொல்வது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: கணினியில் 16 ஜிபி ரேம். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 5 ஜிபி வரை மீதம் காட்டுகிறது. ஆனாலும் கொஞ்ச நேரம் ஆடியதும் மெமரி குறைவாக இருக்கிறது, புரோகிராம்களை மூடுங்கள் என்று எச்சரிக்கை வருகிறது. சில சமயம் எச்சரிக்கைகூட இல்லாமல் கேம் மூடிக்கொள்கிறது. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதால் பேஜிங் ஃபைலை, அதாவது ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் ஃபைலை, 2 ஜிபியாகக் குறைத்து வைத்திருக்கிறார். இன்னொரு ரேம் வாங்கினால் சரியாகிவிடுமா?

வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் கோளாறு ரேமில் இல்லை, அந்த 2 ஜிபியில்தான் இருக்கிறது. காசு செலவில்லாமல் ஐந்தே நிமிடத்தில் சரிசெய்யக்கூடியது. ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால்தான் அடுத்த கேமில், அடுத்த கணினியில் இதே சிக்கல் வரும்போது தடுமாறாமல் இருப்பீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த எச்சரிக்கை ரேமைப் பற்றியதே அல்ல. விண்டோஸ் இரண்டு கணக்குகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்று, இந்த நிமிடம் ரேமில் உண்மையிலேயே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. இன்னொன்று, எல்லாப் புரோகிராம்களுக்கும் சேர்த்து எவ்வளவு மெமரி தருவதாக விண்டோஸ் வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது. இந்த இரண்டாவதற்குத்தான் கமிட் என்று பெயர். ரயிலில் முன்பதிவு செய்த இருக்கையைப் போல இது: ஆள் இன்னும் ஏறவில்லை, இருக்கை காலியாகத்தான் தெரிகிறது, ஆனால் அதை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. ஒரு கேம் தொடங்கும்போதே 10 ஜிபி வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதில் 6 ஜிபியை மட்டும் தொட்டுப் பயன்படுத்தலாம். ரேம் கணக்கில் 6 ஜிபிதான் ஏறும். கமிட் கணக்கிலோ முழு 10 ஜிபியும் ஏறிவிடும்.

இந்த வாக்குறுதிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ரேமின் அளவையும் பேஜிங் ஃபைலின் அளவையும் கூட்டினால் வருவதே அந்த வரம்பு. லினக்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளமாக இருக்கும், கையில் இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும். விண்டோஸ் அப்படிச் செய்யாது. கொடுத்த வாக்கைக் கட்டாயம் காப்பாற்ற முடியும் என்றால் மட்டுமே கொடுக்கும். உங்கள் கணினியில் வரம்பு ஏறத்தாழ 18 ஜிபி. கேம், பிரவுசர், கேம் லாஞ்சர், வாய்ஸ் சாட், ஆன்டிவைரஸ், விண்டோஸின் சொந்தத் தேவை எல்லாம் சேர்ந்து 18 ஜிபியைத் தொட்டதும், அடுத்து யார் மெமரி கேட்டாலும் விண்டோஸ் கையை விரித்துவிடும். அப்போது ரேமில் 5 ஜிபி சும்மா கிடந்தாலும் பயனில்லை. கேட்டு இல்லை என்று ஆன கேம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். எச்சரிக்கை வந்தது, வராமலே கேம் மூடியது என்று இரண்டையும் சொன்னீர்கள். இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள்தான்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் மேலே இருக்கும் வரைபடத்தையும் சதவீதத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நமக்கு வேண்டியது அதற்குக் கீழே இருக்கிறது. கமிட்டட் என்ற தலைப்பில் 17.4/17.9 ஜிபி என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் கொடுத்த வாக்கு, இரண்டாவது எண் வரம்பு. கேமை ஓடவிட்டு, வழக்கமாக எச்சரிக்கை வரும் நேரத்தை ஒட்டி ஆல்ட், டாப் அழுத்தி இதை வந்து பாருங்கள். முதல் எண் இரண்டாவதை நெருங்கியிருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கேம் ஓடும்போது வெளியே வந்து பார்க்க முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, விண்டோஸ் குறிப்பு எழுதி வைத்திருக்கும். ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழே சிஸ்டம் பகுதிக்குப் போய், ஈவன்ட் எண் 2004 என்று வடிகட்டுங்கள். ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர் என்ற பெயரில் பதிவுகள் வரும். விர்ச்சுவல் மெமரி (ரேமும் பேஜிங் ஃபைலும் சேர்ந்தது) குறைந்ததைக் கண்டறிந்தோம், அதிகம் எடுத்துக்கொண்ட புரோகிராம்கள் இவை என்று மூன்று பெயர்களையும் பைட் கணக்கையும் அந்தப் பதிவே சொல்லும். எண் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 11274289152 பைட் என்று இருந்தால் அதை 1073741824 ஆல் வகுத்துப் பாருங்கள், 10.5 ஜிபி என்று வரும். இந்த ஒரு பதிவைப் படித்தாலே யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற வாதம் முடிந்துவிடும். இவ்வளவு பயனுள்ள குறிப்பை விண்டோஸ் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருப்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான். எச்சரிக்கைப் பெட்டியிலேயே அதைத் தெளிவாகக் காட்டியிருந்தால் எத்தனையோ பேர் தேவையில்லாமல் ரேம் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இனி தீர்வு. ஸ்டார்ட் மெனுவில் வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடித் திறங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் பெர்ஃபார்மன்ஸுக்கு எதிரே உள்ள செட்டிங்ஸ் பொத்தான், அதற்குள் மீண்டும் ஓர் அட்வான்ஸ்டு பக்கம், அங்கே விர்ச்சுவல் மெமரிக்குக் கீழே சேஞ்ச். வரும் பெட்டியின் உச்சியில், எல்லா டிரைவுகளின் பேஜிங் ஃபைலையும் தானாக நிர்வகிக்கட்டும் என்று பொருள்படும் கட்டம் ஒன்று இருக்கும். அதை டிக் செய்து ஓகே கொடுத்து, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. தானியங்கி முறையில் பேஜிங் ஃபைல் ரேமைப் போல மூன்று மடங்கு வரை வளரும். ஆனால் அது இருக்கும் டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. 256 ஜிபி டிரைவ் என்றால் ஏறத்தாழ 30 ஜிபி. 16 ஜிபி ரேமோடு அது சேர்ந்தால் இன்றைய கேம்களுக்குத் தாராளம்.

தாராளம் என்றாலும் அது வளர டிரைவில் இடம் வேண்டும் அல்லவா? இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போதைய பெரிய கேம்கள் பலவும் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. சி டிரைவில் இரண்டு கேமை நிறுவிவிட்டு 3 ஜிபி மட்டும் மிச்சம் வைத்திருந்தால், பேஜிங் ஃபைல் தானியங்கியாக இருந்தும் வளர வழியில்லை. எச்சரிக்கை அப்படியேதான் வரும். சி டிரைவில் குறைந்தது 20, 30 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். முடியாவிட்டால் கேமை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள், அல்லது இடம் உள்ள இன்னொரு எஸ்எஸ்டியில் பேஜிங் ஃபைலை வையுங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பேஜிங் ஃபைல் சிறியதாக இருந்து, தேவைக்கேற்ப வளரும்போது அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கேமில் ஒரு புதிய பகுதி லோடு ஆகும்போதோ, முதல் முறை திறந்து ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்களை) தயார் செய்யும்போதோ, சில நொடிகளில் பல ஜிபி கேட்கப்படும். ஃபைல் வளர்ந்து முடிப்பதற்குள் கேட்டது கிடைக்காமல் கேம் விழுந்துவிடலாம். தானியங்கியில் விட்டும் எப்போதாவது எச்சரிக்கை வருகிறது என்றால் அளவை நீங்களே கொடுப்பது நல்லது.

எவ்வளவு கொடுப்பது? ரேமைப் போல ஒன்றரை மடங்கு என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ரேம் 256 எம்பி, 512 எம்பி என்று இருந்த காலத்தில் அது ஓரளவு பொருந்தியது. இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் அந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. ரேம் கூடக் கூடப் பேஜிங் ஃபைலின் தேவை குறையத்தானே வேண்டும்? விண்டோஸின் உள்ளே நடப்பதைப் பார்க்க உதவும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளை உருவாக்கிய மார்க் ருசினோவிச் சொன்ன வழிதான் சரியானது. நீங்கள் வழக்கமாக ஓட்டும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டி, கமிட் எந்த உச்சத்தைத் தொட்டது என்று பாருங்கள். அதிலிருந்து ரேமைக் கழியுங்கள். வருவது குறைந்தபட்ச அளவு, அதன் இரு மடங்கு அதிகபட்ச அளவு. உச்சம் 23 ஜிபி, ரேம் 16 ஜிபி என்றால் வித்தியாசம் 7. கொஞ்சம் கூட்டி இனிஷியல் சைஸில் 8192, மேக்ஸிமம் சைஸில் 16384 என்று எம்பி கணக்கில் போடலாம். ரேம் அளவு உச்சத்தைவிட அதிகமாக இருந்து கழித்தல் எண் வந்தாலும் ஃபைலை முழுவதுமாக எடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும்போது காரணத்தைப் பதிவு செய்யவும் அது தேவைப்படுகிறது.

உச்ச அளவை சிஸ்இன்டர்னல்ஸின் புராசஸ் எக்ஸ்புளோரரில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பெட்டியைத் திறந்தால் பீக் என்ற பெயரில் காட்டும். ஆனால் ஒன்று, உச்சம் ஒருபோதும் வரம்பைத் தாண்டாது. நீங்கள் 18 ஜிபி வரம்பிலேயே அளந்தால் உச்சமும் 18க்குள்தான் வரும், உண்மையான தேவை தெரியாது. அதனால் முதலில் தானியங்கிக்கு மாற்றிவிட்டு, ஒரு நாள் வழக்கம்போல ஆடிவிட்டு, பிறகு அளவெடுங்கள். அளவைப் போட்டதும் அதே பெட்டியில் செட் என்ற பொத்தானை அழுத்த மறக்கக் கூடாது. அதை விட்டுவிட்டு நேராக ஓகே கொடுத்தால் எதுவும் மாறியிருக்காது. மாற்றியும் பயனில்லை என்று சொல்பவர்களில் கணிசமானோர் தவறவிடுவது இந்த ஒரு கிளிக்கைத்தான்.

பேஜிங் ஃபைலை அணைத்தால் வேகம் கூடும் என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள முடிகிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்தில் ரேம் நிரம்பி டிஸ்க்குக்கு எழுத ஆரம்பித்தால் கணினி திணறும், டிஸ்க் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குக் காரணம் பேஜிங் ஃபைல்தான், அதை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் ரேமில் இடம் இருக்கும்வரை கேம் தொட்டுப் பயன்படுத்தும் தரவு ரேமில்தான் இருக்கும். பேஜிங் ஃபைல் பெரிதாக இருப்பதாலேயே விண்டோஸ் வலியப் போய் டிஸ்க்கைத் தேடாது. நம்முடைய பிரச்சினையில் அந்த ஃபைலின் முதல் வேலை எழுதப்படுவதே அல்ல, கொடுத்த வாக்குக்குப் பிணையாக இருப்பது. அதில் ஒரு பைட்கூட எழுதப்படாமலேயே அது உங்கள் கேமைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா என்ற கவலையும் வேண்டாம். எஸ்எஸ்டி புதிதாக வந்த 2009-லேயே மைக்ரோசாஃப்ட் இதை அளந்து பார்த்தது. பேஜிங் ஃபைலில் ஒரு முறை எழுதினால் ஏறத்தாழ 40 முறை படிப்பதாகத் தெரிந்தது, அதுவும் பெரும்பாலும் சிறு சிறு துண்டுகளாக. எஸ்எஸ்டியைத் தேய்ப்பது எழுதுவதுதான், படிப்பது அல்ல. சிறு துண்டுகளை வேகமாகப் படிப்பதில்தான் எஸ்எஸ்டி கெட்டிக்காரன். ஆகவே பேஜிங் ஃபைலை வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கணினியில் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் இரண்டும் இருந்தால், எஸ்எஸ்டியில் இடம் மிச்சப்படுத்த நினைத்துப் பேஜிங் ஃபைலை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளிவிடாதீர்கள்.

அளவைச் சரிசெய்த பிறகும் கமிட் எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் யாரோ வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் இருக்கிறார்கள் என்று பொருள். டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய், நெடுவரிசைத் தலைப்பில் வலது கிளிக் செய்து கமிட் சைஸ் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் காட்டும் மெமரி நெடுவரிசை ரேமில் இருப்பதை மட்டும் சொல்லும், அதை நம்பிக் குற்றவாளியைத் தேடினால் கிடைக்க மாட்டார். கமிட் சைஸை வைத்து வரிசைப்படுத்தினால் படம் மாறிவிடும். கேமின் மெனுவிலேயே சும்மா நிற்கும்போதும் அதன் கமிட் ஏறிக்கொண்டே போனால் கேமில்தான் கசிவு. அப்டேட் வந்திருக்கிறதா பாருங்கள், மாட் (கேமை மாற்ற மற்றவர்கள் செய்த கூடுதல் ஃபைல்) ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிட்டுச் சோதியுங்கள். பின்னணியில் ஓடும் ரெக்கார்டிங் மென்பொருள், அசையும் வால்பேப்பர், முப்பது நாற்பது டாப் திறந்திருக்கும் பிரவுசர் ஆகியவையும் ஜிபி கணக்கில் கமிட் எடுக்கும்.

எல்லாப் புரோகிராம்களின் கமிட்டையும் கூட்டிப் பார்த்தாலும் மொத்தத்துக்குக் கிட்டவே வரவில்லையா? இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கமிட்டட் எண்ணுக்கு அருகிலேயே இருக்கும் நான்-பேஜ்டு பூல். டிஸ்க்குக்குத் தள்ள முடியாமல் ரேமிலேயே இருக்க வேண்டிய, விண்டோஸும் டிரைவர்களும் எடுக்கும் மெமரி இது. சில நூறு எம்பி இருப்பது இயல்பு. பல ஜிபிக்கு வீங்கியிருந்தால் ஏதோ ஒரு டிரைவர் கசிகிறது. நெட்வொர்க் கார்டின் டிரைவரிலும், கேமுக்கு இணைய முன்னுரிமை தருவதாகச் சொல்லி மதர்போர்டோடு வரும் கூடுதல் மென்பொருளிலும் முதலில் சந்தேகம் வையுங்கள். இரண்டாவது, கிராபிக்ஸ். கேம் கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்பும் டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) நெருக்கடி வந்தால் சிஸ்டம் மெமரிக்கு இறக்கிவைக்க வேண்டியிருக்கும் என்பதால், அவற்றுக்கும் விண்டோஸ் கமிட் கணக்கில் இடம் பிடித்து வைக்கிறது. தனி கார்டு இல்லாமல் பிராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸ் என்றால் சொல்லவே வேண்டாம், அது ரேமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் மெமரி நெருக்கடி உள்ள கணினியில் கேமின் செட்டிங்ஸில் முதலில் குறைக்க வேண்டியது டெக்ஸ்சர் தரம். அல்ட்ராவிலிருந்து ஹை, ஹையிலிருந்து மீடியம் என்று ஒரு படி இறங்கினாலே வித்தியாசம் தெரியும், காட்சியில் பெரிய இழப்பும் இருக்காது.

ரேமைச் சுத்தம் செய்கிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை மட்டும் தயவுசெய்து நாடாதீர்கள். புரோகிராம்கள் ரேமில் வைத்திருப்பதை அவை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளும். ரேம் காலியானது போல எண் குறையும், பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் கமிட் துளியும் குறையாது, எச்சரிக்கை வந்தே தீரும். தள்ளப்பட்டதை அடுத்த நொடியே கேம் திரும்பக் கேட்கும்போது படம் வெட்டி வெட்டி வேறு ஓடும்.

பழைய 32-பிட் கேம்களின் கதை தனி. 32-பிட் புரோகிராம் ஒன்றுக்குக் கிடைக்கும் முகவரி இடமே, அதாவது அது மொத்தமாகக் கையாளக்கூடிய மெமரியே, 2 ஜிபிதான். அதற்கெனத் தயாரிக்கப்பட்டிருந்தால், 64-பிட் விண்டோஸில் 4 ஜிபி வரை போகும். பெரிய மாட்களைப் போட்டு அந்த எல்லையைத் தொட்டால் கேம் மெமரி இல்லை என்று விழும். இங்கே நீங்கள் 64 ஜிபி ரேம் போட்டாலும், பேஜிங் ஃபைலை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒன்றும் மாறாது. அதே கேமின் 64-பிட் பதிப்பு இருந்தால் அதற்கு மாறுவதும், மாட்களைக் குறைப்பதுமே வழி.

அப்படியானால் ரேம் எப்போது வாங்க வேண்டும்? எச்சரிக்கை எதுவும் வரவில்லை, ஆனால் கேம் திடீர் திடீரென்று நின்று நின்று ஓடுகிறது, டாஸ்க் மேனேஜரில் அவைலபிள் என்ற எண் 1 ஜிபிக்கும் கீழே போய்விடுகிறது, ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பக்கத்தில் ஹார்ட் ஃபால்ட்ஸ் வரைபடம் கேம் ஓடும்போது ஓயாமல் துள்ளுகிறது என்றால், அப்போது உண்மையிலேயே ரேம் பற்றவில்லை. கேம் தொட வேண்டிய தரவே டிஸ்க்குக்குப் போய்ப் போய் வருகிறது. அந்த நிலையில் பேஜிங் ஃபைல் கேம் விழாமல் காப்பாற்றும், வேகத்தைக் காப்பாற்றாது. 8 ஜிபி ரேமோடு புதிய கேம்களை ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் இந்த நிலைதான், அவர்கள் 16 ஜிபிக்குப் போவதே நியாயம். உங்களுக்கு 5 ஜிபி மீதம் இருக்கும்போது அந்தச் செலவு இப்போதைக்குத் தேவையில்லை.

என்றாவது வாங்குவதாக இருந்தால், டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது, என்ன வேகம் என்பதெல்லாம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4 ரேமுக்கான ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை டிடிஆர்5 ரேம் பொருந்தாது. ஒரே அளவில் இரண்டாகப் போட்டால் டூயல் சேனலில் (இரண்டும் ஒரே நேரத்தில் தரவு தரும் முறையில்) ஓடும், சேர்ந்த கிராபிக்ஸ் உள்ள கணினிகளில் இது கேமின் வேகத்தையே நன்றாகக் கூட்டும். மாட்டிய பிறகு முழு அளவும் காட்டுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். குறைவாகக் காட்டினால் ரேமை ஒருமுறை கழற்றி அழுத்தி மாட்டிப் பாருங்கள். அதுவும் சரி என்றால் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் மேக்ஸிமம் மெமரி என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து அதை எடுத்துவிடுங்கள். புது ரேம் வந்துவிட்டதே என்று பேஜிங் ஃபைலை மட்டும் மறுபடி குறைத்துவிடாமல் தானியங்கியிலேயே விட்டுவையுங்கள்.